மஞ்சுவிரட்டுக்கு வராத காளை

என் ஜெர்சிப் பசுவின் காதடியில் ஒட்டியிருந்த உண்ணிகளை நான் பெரிதாக நினைக்கவில்லை. சில நாளில் அது காய்ச்சலில் படுத்துவிட்டது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனது.

மாட்டு டாக்டர் ஊசி போட்டுவிட்டு, “உண்ணிக் காய்ச்சல்மா. உடம்புல ரத்தமே இல்ல. திடமான மாட்டு ரத்தம் ஏத்தினாத்தான் பிழைக்கும்” என்றார்.

எங்கள் ஊரில் திடமான மாடு என்றால் முத்திருள் அண்ணனின் மஞ்சுவிரட்டுக் காளைதான். ஆனால் ரத்தம் கொடுத்தால் அடுத்த வார மஞ்சுவிரட்டில் அதை அவிழ்த்துவிட முடியாது. மறுத்தால் சண்டை போடத் தயாராகத்தான் போனேன்.

“பசு பொழைச்சுருமாத்தா?” என்று மட்டும் கேட்டார். காளையை அவரே ஓட்டிவந்து, ரத்தம் எடுத்து முடிக்கும்வரை அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். மறுநாள் பசு எழுந்து தவிடு தின்றது.

மஞ்சுவிரட்டன்று அவர் வெறுங்கையோடு ஓரமாக நின்றார். “என்னண்ணே, இந்த வருசம் பயந்துட்டீகளோ?” என்று இளவட்டங்கள் சிரித்தார்கள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

“ஏலே, அந்தக் காளை ரத்தத்துலதாண்டா என் மாடு உசுரோட நிக்கிது!”

சிரிப்பு அடங்கியது. ஆண்கள் மட்டுமே சத்தம் போடும் பொட்டல் அது. எனக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. அந்த வருஷம் ஜெயித்த காளை எது என்று கேட்டால், வராத காளை என்றுதான் இன்றும் சொல்வேன்.