பிளக் ஸ்பானர் வகுப்புக்கு வந்த நாள்

இங்கிலீசு ஆசிரியையாக நெடுந்தீவுக்கு மாற்றலாகிப் போனபோது ஒரு பெட்டி நிறையப் படங்கள் கொண்டுபோனேன். ரயில், பனிமனிதன், மாடிக் கட்டடம் என்று அந்தத் தீவுப் பிள்ளைகள் கண்டிராததெல்லாம் அதில் இருந்தன. இரண்டு மாதமாகியும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"நாளைக்கு ஆளுக்கொரு சாமான் வீட்டிலையிருந்து கொண்டு வாங்கோ. அதை வைச்சுத்தான் இங்கிலீசு கதைக்கப் போறம்" என்றேன். எதைக் கொண்டுவரக் கூடாது என்று சொல்லவில்லை. பிழை என்னுடையது.

மறுநாள் அகப்பை, பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டி, வலை மிதப்பு எல்லாம் மேசைக்கு வந்தன. இன், ஒன், அண்டர் படிப்பித்தேன். இரண்டு மாதமாக வாயே திறக்காத ஜெனிற்றா, வள்ள எஞ்சினின் பிளக் கழட்டும் ஸ்பானரைக் கதிரைக்குக் கீழே வைத்து, "த ஸ்பானர் இஸ் அண்டர் த செயர்" என்றாள். நான் கைதட்டிவிட்டேன்.

பத்து மணிபோல அவளுடைய தகப்பன் அந்தோனி வாசலில் வந்து நின்றார்.

"ரீச்சர், விடியத் தொடக்கம் ஸ்பானரைத் தேடுறன். பிளக்கைக் கழட்டித் துடைக்காமல் எஞ்சின் வேலை செய்யாது. மற்ற வள்ளமெல்லாம் கடலுக்குப் போயிட்டுது, ஆரிட்டைக் கேக்கிறது? நேற்று விட்ட வலை இன்னும் கடலுக்கை கிடக்கு. இனி இழுத்தாலும் மீன் பழுதாத்தான் வரும். உங்கடை படிப்புக்கு என்ரை தொழிலோ கிடைச்சது?"

ஸ்பானரை எடுத்துக் கொடுத்தேன். ஜெனிற்றா அழுதாள். அடுத்த நாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. எனக்குப் பயம் பிடித்தது. வாய் திறந்த பிள்ளையை நானே வீட்டில் இருத்திவிட்டேனே!

அன்று பாடசாலை விட்டதும் கரைக்குப் போனேன். அந்தோனி கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, பிழை என்னிலை. பிள்ளையை மறிக்காதேங்கோ."

"நான் மறிக்கேல்லை ரீச்சர். தன்னாலைதான் மீன் பழுதாப்போச்சு எண்டு அவள் வெக்கத்திலை நிக்கிறாள்."

"இனிச் சாமான் ஒண்டும் வகுப்புக்கு வராது. நாங்கள் இஞ்சை வரட்டே?"

"வாங்கோவன். ஒண்டையும் தூக்கிக்கொண்டு போகாட்டில் சரி."

அதிபரிடம் அனுமதி வாங்கி, மறுநாள் வகுப்பையே கரைக்குக் கூட்டிப்போனேன். போகும் வழியில், இதை எடுக்கலாமா என்று கேட்கிற ஒரேயொரு வசனம் படிப்பித்தேன். ஜெனிற்றா தகப்பனின் வள்ளத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். மற்றப் பிள்ளைகள் நங்கூரத்தையும் கயிற்றையும் காட்டி அந்த வசனத்தைச் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு தானாக வந்து ஸ்பானரைத் தொட்டாள்.

"மே ஐ ரேக் திஸ், அப்பா?"

"நோ!" என்றார் அந்தோனி.

கரையே சிரித்தது. அவளும் சிரித்துவிட்டாள். அடுத்த நாள் பள்ளிக்கு முதல் ஆளாக வந்து நின்றாள். அப்பாடா என்றிருந்தது.

பொருளை வைத்துப் படிப்பியுங்கள் என்றுதான் இளம் ஆசிரியர்களுக்கு இன்றைக்கும் சொல்கிறேன். ஆனால் அந்தப் பொருளுக்கு அன்று வீட்டில் என்ன வேலை இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள். எந்தப் பாடசாலைக்குப் போனாலும் முதல் நாள் நான் படிப்பிப்பது அந்தோனியிடம் ஜெனிற்றா கேட்ட கேள்வியைத்தான். நோ என்று பதில் வந்தால் பேசாமல் கையை எடுக்கவும் சேர்த்துப் படிப்பிக்கிறேன்.