விசில் அக்கா மணியைத் தொட மாட்டாள்

எங்கள் ராணுவக் குடியிருப்பில் சாவுச் செய்தி தொலைபேசியில் வராது. சீருடையில் இரண்டு பேர் மாடி ஏறி வந்து அழைப்பு மணியை அழுத்துவார்கள். அவ்வளவுதான். புருஷனைச் சண்டைக்கு அனுப்பிவிட்ட பெண்கள் நாங்கள், மாடிக்கு மாடி அந்த மணிக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே சமைத்தோம், துவைத்தோம், பிள்ளைகளை அதட்டினோம்.

இது தெரியாத ஒரு கூட்டம் ஒருநாள் எங்களுக்கு நன்றி சொல்லக் கிளம்பி வந்தது. ராணுவக் குடும்பங்களுக்கு உதவும் தொண்டர்களாம். கையில் பூங்கொத்து, பின்னால் கேமரா. நேராக வந்து என் வீட்டு மணியை அழுத்தினார்கள். மகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். டம்ளர் எங்கே போனது, நான் எப்போது தரையில் உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. கதவைத் திறந்தது என் மகள்தான். "உங்கள் தியாகத்தை இந்த நாடு மறக்காது" என்று ஒருவர் ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பூங்கொத்தை வாங்கி அவர் மூஞ்சியிலேயே விட்டெறிந்திருப்பேன். எழுந்திருக்கத்தான் கால் வரவில்லை.

படம் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தார்கள். கடைசியாக நின்ற ஒரு குண்டு அம்மாள் மட்டும் போகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மூலையில் கிடந்த துணியை எடுத்துச் சிந்திய பாலைத் துடைத்தாள்.

"மணிச் சத்தமாம்மா?"

தலையாட்டினேன்.

"அடப் பாவிங்களா!" என்று தன் கூட்டத்தைத்தான் திட்டினாள். "இப்படின்னு யாரும் சொல்லவே இல்லையே."

"யாரு கேட்டா?" என்றேன். என் வாய் அப்படி.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் தெருவிலிருந்து இரண்டு விசில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் அவள்தான். தலை நரைக்கும்வரை பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். ஒரு விசில் என்றால் வண்டி நிற்கும், இரண்டு என்றால் கிளம்பும். "நான் வர்றப்ப ரெண்டு ஊதுவேன். ஊதினா நான்தான், வேற யாரும் இல்ல. பயப்படாம கதவத் தொற" என்று வீடு வீடாகச் சொன்னாள். பால்காரர், காஸ் போடுகிறவர், தபால்காரர் யாரையும் விடவில்லை. "மணியத் தொட்டா விரல ஒடிச்சிருவேன்" என்றாள். ஒடிக்கக்கூடிய உடம்புதான்.

அன்றிலிருந்து அவள் விசில் அக்கா. சிலிண்டரை மாடிக்கு ஏற்றுவாள், காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். பழக்கதோஷம் மட்டும் போகவில்லை. இரண்டு பேர் நின்றாலே முட்டிக்கொள்ளும் என் சமையலறையில் வந்து நின்று, "உள்ள போ, உள்ள போ, நடுவுல எடம் காலியா இருக்கு பாரு" என்பாள். என்னைவிட எதிர்வீட்டுப் பெண்தான் அவளை நம்பி மூச்சு விட்டாள். கல்யாணமான கையோடு புருஷனை அனுப்பிவிட்டு வந்த சின்னப் பெண். விசில் கேட்காமல் தாழ்ப்பாளைத் தொடவே மாட்டாள்.

பிறகு என் வீட்டுக்காரரின் ஃபோன் நின்றுபோனது. சண்டை முற்றிவிட்டது என்றார்கள். தகவல் இல்லை என்றார்கள். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டேன், சொன்னதையே திரும்பச் சொன்னார்கள். சோறு இறங்கவில்லை. கைப்பேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்தேன். வேண்டாத தெய்வமில்லை, திட்டாத தெய்வமுமில்லை.

"ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லேன்க்கா" என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"எனக்குத் தெரியாதத நான் சொல்ல மாட்டேன். வாயத் தொற" என்று ஒரு கவளத்தை ஊட்டினாள்.

அன்று மதியம் தெருவில் ஒரு ஜீப் வந்து நின்றது. மாடி முழுக்கச் சன்னல்கள் சாத்தப்படும் சத்தம் கேட்டது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். படியில் செருப்பை இழுத்து இழுத்து ஏறும் சத்தம். விசில் அக்காவின் நடை. ஆனால் விசில் இல்லை.

கதவில் முதுகை வைத்து அழுத்திக்கொண்டேன்.

"நான்தாம்மா."

"ஊதலையேக்கா."

"ஊதலம்மா."

"தொறக்க மாட்டேன்! தொறக்காத வரைக்கும் அவரு இருக்காரு."

"தொறக்காத. நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

அவள் உட்கார்ந்தபோது கதவு அதிர்ந்தது. பின்னாலேயே பூட்ஸ் சத்தம் ஏறி வந்தது.

"தம்பிங்களா, மணியத் தொடாதீங்க."

"அம்மா, இது எங்க கடமை" என்றது ஒரு இளம் குரல்.

"உங்க கடமை எங்கயும் ஓடிப் போயிடாது. அவளா தொறக்கறப்ப சொல்லுங்க. அதுவரைக்கும் அவ புருஷன் உயிரோட இருந்துட்டுப் போகட்டுமே."

அவர்கள் படியிலேயே நின்றார்கள். நான் சரிந்து தரையில் உட்கார்ந்தேன். நடுவில் கதவு, இரு பக்கமும் எங்கள் முதுகுகள். நான் பேச ஆரம்பித்தேன். அவருக்கு டீயைச் சிந்தாமல் ஊற்றத் தெரியாது. துவைத்த சட்டையை ஒருமுறை உதறாமல் போட மாட்டார். தூக்கத்தில் சிரிப்பார், எழுப்பிக் கேட்டால் சத்தியமாகச் சிரிக்கவில்லை என்பார்.

"இப்பவும் அப்படித்தானா?" என்று கேட்டாள் அக்கா.

"இப்பவும் அப்படித்தான்க்கா."

சாயங்கால வெயில் சன்னல் வழியாக என் காலடிக்கு வந்தது. பள்ளிக்கூடம் விடும் நேரம். சீருடைக்காரர்கள் நிற்கும் படியில் என் மகள் தனியாக ஏறி வரக் கூடாது. எழுந்து தாழ்ப்பாளை விலக்கினேன். அக்கா என்னைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அவர்கள் வாயைத் திறந்தார்கள்.

அதன் பிறகு என்ன நடந்தது என்று சரியாக நினைவில்லை. அக்கா இருந்தாள். என் மகளுக்குத் தலை பின்னினாள், எனக்குத் தண்ணீர் ஊற்றிக் குளிக்க வைத்தாள். ஒரு பிற்பகல் முழுக்க அவரை எனக்கு உயிரோடு வைத்திருந்தவள். அதற்கான நன்றியை எந்தப் பூங்கொத்தில் கட்டிக் கொடுப்பது?

அவள் விசில் ஊதுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். துக்க வீட்டு வாசலில் எப்படி ஊதுவாள்? எதிர்வீட்டுக் கதவு அன்று சாத்தியதுதான். அக்கா தட்டினாலும் திறக்கவில்லை, கூப்பிட்டாலும் திறக்கவில்லை. உள்ளே அந்தப் பெண் அழுவது மட்டும் கதவைத் தாண்டிக் கேட்டது. அந்த அழுகை எனக்குத் தெரியும்.

ஒருநாள் காலையில் சன்னலருகே நின்றேன். அக்கா கீழே தெருவில் விசிலை வாய்வரை கொண்டுபோய், என்னைப் பார்த்ததும் சட்டென்று இறக்கிக்கொண்டாள்.

"ஊதுக்கா" என்றேன்.

"உன் வீட்ல இப்படி இருக்கறப்ப எப்படிம்மா..."

"அவ புருஷன் உயிரோடதான்க்கா இருக்கான். அவளுக்கு ஊது."

அக்கா இரண்டு முறை ஊதினாள். இரண்டாவது விசில் பாதியிலேயே உடைந்துவிட்டது. எதிர்வீட்டில் தாழ்ப்பாள் விலகியது.