கறுப்பு மாறாத பிரஷ்

அச்சகத்தில் அவளைக் கலர் டாக்டர் என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. வெளியிலிருந்து வரும் படக்கோப்புகளைத் திறந்து பார்த்து, அச்சுக்குப் போகுமுன் கோளாறுகளைச் சரிசெய்வது அவள் வேலை. மற்றவர்களெல்லாம் இயந்திரங்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, அவள் மட்டும் கண்ணாடி அடைப்புக்குள் உட்கார்ந்திருப்பாள். சத்தம் உள்ளே வராது, ஆளும் வரமாட்டார்கள். ஏதாவது வேண்டுமென்றால் மெஷின்காரர் கண்ணாடியைத் தட்டிக் கையைக் காட்டுவார், இவள் தலையை ஆட்டுவாள். பல நாட்கள் அந்த ஒரு தலையாட்டலோடு பேச்சு முடிந்துவிடும்.

வயது நாற்பத்தொன்பது. அம்மாவைப் பார்த்துக்கொண்டதிலேயே காலம் ஓடிவிட்டது, அம்மாவும் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. குடியிருப்பது ஒரு மாடியில் இரண்டு அறைகளில். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். சொன்னவர்கள் எலியைக் கேட்டுவிட்டுச் சொன்னதாகத் தெரியவில்லை. தூரத்தில் இருக்கும் அக்கா மாதம் ஒருமுறை கூப்பிட்டு, "ஒண்டியா என்னடி பண்றே?" என்று கேட்பாள். "இருக்கேன்க்கா" என்பாள் இவள். அதற்குமேல் சொல்ல என்ன இருக்கிறது?

இப்படி இருந்தவளுக்குத்தான் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பறவைக்காரரின் போன் வர ஆரம்பித்தது.

அவர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக நாற்பது பறவைகளை வரைந்து இந்த அச்சகத்திலேயே புத்தகமாக்க வேண்டும் என்று கிளம்பி, அறுபது வயதுக்குமேல் கம்ப்யூட்டரில் படம் போடக் கற்றுக்கொண்டவர். நிஜத் தூரிகையை மையில் தோய்த்துக் காகிதத்தில் ஓர் இழுப்பு இழுத்து, அதை ஸ்கேன் செய்து, மென்பொருளுக்குள் தனக்கென்று சொந்தமாக ஒரு பிரஷ் செய்துவைத்திருந்தார். கோட்டின் ஓரம் இறகு மாதிரி பிசிறு பிசிறாக வரும். மனிதருக்கு வரைகிற கை இருந்தது. கலர்தான் காலை வாரியது.

"சிவப்பு குடுத்தாலும் கறுப்பாவே நிக்குது மேடம். நீலம் குடுத்தாலும் கறுப்பு. நான் காக்கா மட்டுமே வரையணும்னு இந்தப் பொட்டி முடிவு பண்ணிடுச்சுபோல."

அவர் திரையைப் பகிர்ந்ததுமே அவளுக்குக் கோளாறு புரிந்துவிட்டது. பிரஷ்ஷைச் சொடுக்கித் திறந்தால் உள்ளே நிறத்துக்கென்று ஒரு பட்டியல் இருக்கும். அது 'எதுவும் இல்லை' என்பதில் நின்றால், பிரஷ் பிறந்த நிறத்திலேயே பிடிவாதமாக நிற்கும். 'டின்ட்ஸ்' என்று மாற்றிவிட்டால் கறுப்பு விலகி, நாம் கொடுத்த நிறம் வந்து உட்காரும். நாலு விநாடி வேலை. ஆனால் அன்றைக்கு வேறொரு அவசரம். கோப்பை அனுப்பச் சொல்லி, அந்த ஒரு பறவையின் கோடுகளை மட்டும் வடிவங்களாக உடைத்து, கையாலேயே நிறம் நிரப்பிக் கொடுத்துவிட்டாள். வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுகிற வைத்தியம்.

அடுத்த செவ்வாயும் கூப்பிட்டார். சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர், "சாப்டீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு, பஸ்ஸின் பக்கக் கண்ணாடியில் தன் முகத்தைத் தானே கொத்திச் சண்டை போட்ட ஒரு குருவியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அவள் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே புதிதாக இருந்தது. அந்த நாலு விநாடி வேலையை அப்படியே விழுங்கிவிட்டு, அன்றும் ஒரு மணி நேரம் கோடு கோடாக நிரப்பிக்கொடுத்தாள்.

அதன் பிறகு அதுவே வழக்கமானது. வாரத்துக்கு ஒரு பறவை. நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் முடிவெடுப்பாள். செவ்வாயன்று தலையை ஒழுங்காக வாரிக்கொண்டு வருவாள். போனில் தலை தெரியாது என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? செய்வது திருட்டு என்பதும்தான் தெரியும். தெரிந்தே பதினொரு பறவைகள் ஓடிவிட்டன.

பன்னிரண்டாவது செவ்வாய். அவர் குரலில் வழக்கமான குஷி இல்லை.

"மிச்சம் இருபத்தொன்பதையும் வரைஞ்சே முடிச்சிட்டேன் மேடம். எல்லாம் ஒரே கோப்புலதான் இருக்கு. எந்தக் கோட்டுக்கு என்ன கலர்னுகூடக் குடுத்து வச்சிட்டேன். கண்ணுக்குத்தான் கறுப்பாத் தெரியுது."

"எதுக்கு இவ்வளவு அவசரம்?"

"இடது கண்ணு முன்னாடியே போச்சு. வலது கண்ணுக்கும் டாக்டர் கையை விரிச்சிட்டாரு. கண்ணு போனப்புறம் கலர் மாறினா என்ன, மாறாட்டி என்ன?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

பதினொரு வாரம். அந்தக் கண்ணிலிருந்து பதினொரு வாரத்தை அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த பிரஷ் மேல ரெண்டு தடவை சொடுக்குங்க" என்றாள். "உள்ளே ஒரு பட்டியல் வரும். 'டின்ட்ஸ்'னு மாத்துங்க. ஓகே குடுங்க."

அவர் கொடுத்தார். திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது.

"என்னமோ கேக்குது மேடம். ஏற்கெனவே போட்ட கோட்டையெல்லாம் மாத்தவா, அப்படியே விடவான்னு கேக்குது. என்ன சொல்லட்டும்?"

விடுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புதிதாகப் போடும் கோடுகள் மட்டும் மாறும், இருபத்தொன்பது பறவைகளும் கறுப்பாகவே நிற்கும், வாரம் ஒன்றாக அவளிடம்தான் வரும். இருபத்தொன்பது செவ்வாய்க்கிழமைகள். அரை வருஷத்துக்கும் மேல். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவள் அவ்வளவு தனியாக இருந்தாள்.

"மேடம்? இருக்கீங்களா?"

"மாத்துங்க" என்றாள். "எல்லாத்தையும் மாத்துங்க."

ஒரு கணம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒவ்வொரு கோடும் அதற்கென்று அவர் கொடுத்து வைத்திருந்த நிறத்துக்கு வந்தது. பச்சைச் சிறகு, செம்மஞ்சள் மார்பு, நீல வால். அவர் படங்களைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்துக்கொண்டே போனார்.

"நான் போட்ட கலர் எல்லாம் இத்தனை நாளும் உள்ளேயேவா இருந்துச்சு?"

"ஆமா. உள்ளேதான் இருந்துச்சு."

"இதைக் கண்டுபிடிக்க நீங்க எத்தனை நாள் மெனக்கெட்டீங்களோ. வேற யாரா இருந்தாலும் கைகழுவியிருப்பாங்க. நீங்க நல்லா இருக்கணும். இனிமே உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன் மேடம்."

"பண்ணுங்க" என்றாள் அவள்.

அவர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.