ஆளில்லாத கடற்கரை

கணவர் வீட்டை விட்டு நான் வந்த மூன்றாவது வருஷம் அது, எழுபதுகளின் கடைசி. காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருந்தேன். வாடகை வீட்டில் தனியாக இருந்தேன். "தனியாவா இருக்கீங்க?" என்று கேட்டு உச்சுக்கொட்டாத ஆள் தெருவில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி மண்டபத்தூர் போய்விடுவேன். பிற்பகலில் மீன் வியாபாரமெல்லாம் முடிந்து கரை ஓய்ந்திருக்கும். குப்பத்தைத் தாண்டி நடந்தால் ஒரு தாழம்புதர், மணல், கடல். வெயில் முதுகில் விழும். என் நிழல் முன்னால் தண்ணீரைப் பார்த்து நீளும். அலை வடிந்ததும் ஈர மணலில் ஒரு நொடி வானம் தெரியும். அங்கே உட்கார்ந்து வரைந்த படத்தில் அந்த நிறத்தைப் பிடிக்க மட்டும் நாலு ஞாயிறு ஆயிற்று. அங்கே தனியாக இருப்பது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

ஆண்டு விழா மேடைக்குப் பெரிய படம் வேண்டும் என்று தலைமையாசிரியை கேட்டார். அந்தக் கடற்கரைப் படத்தைக் கொடுத்தேன். ஆயில் பெயிண்ட், காய்ந்து மாதங்களாகியிருந்தன.

பார்த்தவர் முகம் சுளித்தார். "ஆளே இல்லையே டீச்சர்? ஒரு படகு, ஒரு சூரியன் போட்டா களையா இருக்கும்ல?"

"அந்த நேரத்துல அங்க யாரும் இருக்க மாட்டாங்க மேடம். அதைத்தான் வரைஞ்சேன்."

அவர் அதோடு விட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

விழா அன்று மதியம் மேடைக்குப் போனேன். என் கடலில் ஒரு படகு மிதந்தது. அதில் முண்டாசு கட்டிய ஆள். பின்னால் குங்குமப் பொட்டு மாதிரி ஒரு சூரியன். கடைகளுக்கு போர்டு எழுதுகிறவரைக் காலையில் கூட்டிவந்து போடச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெயிண்ட் இன்னும் பிசுபிசுத்தது.

யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. டிராயிங் ரூமிலிருந்து பெயிண்டைக் கரைக்கிற டர்பன்டைனும் பழந்துணியும் எடுத்துவந்து துடைக்க ஆரம்பித்தேன். முதலில் ஆள், பிறகு படகு. நாற்காலி போட்டுக்கொண்டிருந்த மாணவிகள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

தலைமையாசிரியை ஓடி வந்தார். "என்ன செய்றீங்க? ஆபீசருங்க வர்ற நேரம்!"

"புதர் நிழல் கடல் பக்கமா விழுது, பாருங்க. சூரியனும் கடல்லயே இருந்தா நிழல் எப்படிங்க அங்க விழும்?"

"யாரு நிழலைப் பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேன் மேடம்."

கணக்கு டீச்சர் பக்கத்திலிருந்தவரிடம், எனக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார்: "தனியா இருந்தா புத்தி இப்படித்தான் போகும்."

நான் திரும்பினேன். "ஆமாங்க. தனியா இருந்ததாலதான் இதைப் பார்த்தேன்."

மறுபடி துணியை நனைத்தேன். துடைத்து முடித்தேன். சூரியன் முழுக்கப் போகவில்லை. நீரின் மேல் ஒரு சிவப்புத் தீற்றல் தங்கிவிட்டது. படத்தைச் சுவரிலிருந்து இறக்கி, ரிக்‌ஷாவில் வைத்து, வீட்டுக்கு வந்துவிட்டேன். மேடையில் காலிச் சுவர் இருந்தது.

மறுநாள் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். 'படம் நான் வரைந்தது. படகு நான் வரைந்தது அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்தார். பிறகு மேசை டிராயரில் போட்டு மூடினார். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு முன்னைவிடப் பெரிய கேன்வாஸோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் அதை மேலே போடச் சொன்னார். முடியாது என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன்.