‘கூப்பிடாதே’ என்று சொன்னவன் நான்

நான் ஒரு முட்டாள். சபையில் சாட்சி சொல்கிறவர்கள் இதைக் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டே, பணிவாகச் சொல்வார்கள். நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் அவமானம்.

சின்னப் பிள்ளைகளின் மனநலம், பெற்றோருக்குப் பிள்ளை வளர்ப்பு ஆலோசனை. இதுதான் என் தொழில். கள்ளக்குறிச்சியில் ஒரு மாடி அறையில் போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிறேன். முதல் வாரம் அந்தப் போர்டைப் பார்த்து ஏறி வந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் தடுப்பூசி போடுவீர்களா என்றார். ஒருவர் தாயத்து கட்டுவீர்களா என்றார். மூன்றாவது ஆள் கீழே இருக்கிற செல்போன் கடைக்கு வந்து வழி தவறியவர். வீட்டில் என் மூன்று வயது மகன் தரையில் புரண்டு அழ ஆரம்பித்தால், ஊருக்கெல்லாம் பொறுமை சொல்லிக்கொடுக்கிற நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வேன். “கிளாஸ்ல சொல்றத வூட்லயும் கொஞ்சம் சொல்லுங்க” என்று என் மனைவி கதவுக்கு வெளியே நின்று சொல்வாள்.

ஆனாலும் இந்த வேலைக்கு நான் விளையாட்டாக வரவில்லை. கருணாபுரத்தில் அந்தக் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்தபோது, அப்பாவை இழந்த பிள்ளைகளோடு சும்மா உட்கார்ந்திருக்கச் சபையிலிருந்து சிலர் போனோம். நாலு வயதுப் பெண் ஒருத்தி என் சட்டைப் பையில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, நாளைக்குக் கொண்டு வா என்றாள். மறுநாள் கொண்டு போனேன். அதற்கு மறுநாளும். அப்படித்தான் இந்த வேலை என்னைப் பிடித்துக்கொண்டது. பிறகு அஞ்சல் வழியில் படித்தேன். படித்ததும் தலைக்கனம் வந்தது. பட்டயத்தோடு அதையும் சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு மேலே ஒரு சின்ன ஊர். மாதம் இரண்டு புதன்கிழமை அங்கே அங்கன்வாடிக்குப் போவேன். அங்கே அஞ்சலி என்று நாலரை வயதுப் பிள்ளை. அப்பா கேரளாவில் மிளகுத் தோட்ட வேலையில் இருந்தார். அம்மா மல்லிகா, பேச்சு குறைவு. பக்கத்து வீட்டில் பெரியப்பா. நல்ல மனிதர்தான். ஆனால் ‘சாப்ட்டியா’ என்று அவர் கேட்டால் எதிர்மலைக்காரன் ‘ஆச்சு’ என்பான். அந்தக் குரல் உயர்ந்தால் போதும், அஞ்சலிக்கு உடம்பு விறைத்துவிடும். பாவாடை நனைந்துவிடும். தன் கையைத் தானே கடித்துக்கொள்ளும்.

இதற்காக நான் ஒரு விளையாட்டு வைத்தேன். பொந்து விளையாட்டு. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஒரு பொந்து பிடித்துக்கொள்ள வேண்டும். பயம் வந்தால் அங்கே போய் உட்காரலாம். பொந்தில் இருக்கிற பிள்ளையை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் பிள்ளை வர வேண்டியதில்லை. விளையாட்டு முடிகிற நேரம் நான் சேவல் மாதிரிக் கூவுவேன். அதைக் கேட்டதும் எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். நான் கூவுவதைக் கேட்டுப் பிள்ளைகள் உருண்டு சிரிக்கும். ஊர்ச் சேவல்கள் மனம் நொந்திருக்கும்.

மல்லிகாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வீட்டில் அவள் பொந்துக்குப் போனால் தேடாதே, கூப்பிடாதே, காத்திரு, தானாக வெளியே வருவாள் என்று. அது பலித்தது. வீட்டு மூலையில் மரவள்ளி மூட்டைக்குப் பின்னால் அஞ்சலியின் பொந்து. பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடுவாள். கையைக் கடிப்பது நின்றது. நான் இதைச் சபையில் எழுந்து நின்று அறிவித்தேன். ஆண்டவருக்கு ஒரு வரி நன்றி, எனக்கு நாலு வரி.

போன அக்டோபரில் ஒரு புதன்கிழமை. மதியம் ஒரு மணியிலிருந்து மலையில் மழை. நான் பைக்கில் நனைந்துகொண்டே ஏறிப் போய்ச் சேரும்போது மணி மூன்றரை. மல்லிகா வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மூடி வைத்த சோற்றுத் தட்டு. என்னைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. பரீட்சையில் பாஸான பிள்ளை மார்க் சீட்டைக் காட்டுகிற மாதிரிச் சொன்னாள்.

“பன்னெண்டு மணிக்குப் பொந்துக்குப் போச்சு சார். நீங்க சொன்ன மாதிரி நான் கூப்புடவே இல்ல.”

நான் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். ஹெல்மெட்டைக் கழற்றினேன். பிறகுதான் கணக்கு உறைத்தது. பன்னிரண்டு மணி. மூன்றரை மணி நேரம்.

உள்ளே ஓடி மூட்டையை நகர்த்தினேன். பின்னால் யாரும் இல்லை. ஒரு சின்ன வளையல் மட்டும் கிடந்தது.

மல்லிகா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு துண்டு துண்டாகச் சொன்னாள். மதியம் பெரியப்பா ஏதோ பானை உடைந்ததற்குச் சத்தம் போட்டிருக்கிறார். அஞ்சலி கொல்லைப் பக்கம் ஓடியிருக்கிறாள். பின்வழியாக உள்ளே போய் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள். எட்டிப் பார்க்கக்கூட இல்லை. பார்ப்பதும் தேடுவதுதானே என்று.

கொல்லைக்குப் பின்னால் மரவள்ளிக் காடு. அதைத் தாண்டினால் ஓடை. காலையில் கணுக்கால் நனையாத ஓடை. நான் போய் நின்றபோது செம்மண் நிறத்தில் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. ஒரு வாழை மரம் வேரோடு புரண்டு போனது. அதை ஒரு நொடி வேறு என்னவோ என்று நினைத்துத் தண்ணீருக்குள் காலை வைத்துவிட்டேன்.

“அஞ்சலி” என்று கத்தினேன். மல்லிகா கத்தினாள். அங்கன்வாடி டீச்சர் குடையைப் போட்டுவிட்டு ஓடி வந்து கத்தினார். ஊர் கூடிவிட்டது. பெரியப்பா அந்தக் குரலை முழுசாகத் திறந்து மலையே அதிரக் கூப்பிட்டார். பதில் இல்லை.

பெரியப்பா திரும்பி மல்லிகாவிடம் வந்தார். “ஏம்மா, இவ்ளோ நேரம் புள்ளயத் தேடாம ஒக்காந்துகினு இருந்தியா? பெத்தவதான நீ?”

“சார்தான் கூப்புடாதன்னாரு” என்றாள் மல்லிகா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சபையாரே, நான் என்ன சொன்னேன் தெரியுமா? நான் அப்படிச் சொல்லவே இல்லை, இந்த அம்மா தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்றேன். டீச்சர் என்னைத் தனியே இழுத்து, பொந்து விளையாட்டில் அப்படித்தானே சார் விதி என்று கேட்டார். அது அங்கன்வாடிக்கு மட்டும் என்றேன். ஒரு பெரியவர் மறுபடி கேட்டார். இல்லை என்று தலையை அசைத்துவிட்டு ஓடைப் பக்கம் நடந்தேன். எத்தனை தடவை மறுத்தேன் என்று நீங்கள் எண்ணிக்கொள்ளுங்கள். நான் அப்போது எண்ணவில்லை.

மல்லிகா அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை. பெண்கள் அவளை ஏசினார்கள். அவள் நின்று கேட்டுக்கொண்டாள்.

நான் ஒரு பலா மரத்தடியில் ஒதுங்கி நின்று ஜெபித்தேன். நம் சபையில் நான் ஜெபிக்க எழுந்தால் பிரியாணி ஆறிவிடும் என்று கேலி பண்ணுவீர்களே, அந்த வாய் அன்று ஒட்டிக்கொண்டது. என்னென்னவோ கண்ணுக்கு முன்னால் வந்தது. சின்னப் பாவாடை, செம்மண் தண்ணீர், கேரளாவிலிருந்து பஸ் பிடித்து வரும் ஒரு தகப்பன். கடைசியில் வந்த ஜெபம் இதுதான்: ஆண்டவரே, பிள்ளையைக் காட்டும். என்னை மட்டும் காட்டிக்கொடுத்துவிடாதேயும்.

இப்படியும் ஒருவன் ஜெபிப்பானா? ஜெபித்தேன். வார்த்தை மாறாமல் சொல்லியிருக்கிறேன்.

ஆமென் சொல்லி முடிக்கவில்லை. யார் வீட்டுக் கூரைக்குள்ளோ ஒதுங்கியிருந்த ஒரு சேவல் கூவியது. மணி ஐந்தாகப் போகிறது. கொட்டுகிற மழை. கூவ வேண்டிய நேரமே இல்லை. ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுத்த சீடர் ஒருவர் சேவல் சத்தம் கேட்டதும் வெளியே போய் அழுததை நீங்கள் சின்னப் பிள்ளையிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். நானும் அதை வசனத்தோடு போதித்தவன். அன்றுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது.

அழுதுகொண்டே கூட்டத்துக்குள் போனேன். மல்லிகா பொய் சொல்லவில்லை, தேடாதே கூப்பிடாதே என்று சொன்னவன் நான்தான் என்றேன். அதைச் சொல்லும்போதுதான் மீதியும் வாயில் வந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் அவள் வர மாட்டாள். அப்படித்தான் நான் பழக்கியிருக்கிறேன். நாம் கத்தக் கத்த அவள் இன்னும் உள்ளே ஒடுங்குவாள். பயம் தீர்ந்தால் தானாக வருவாள், இந்தக் கூச்சலில் பயம் தீராது. சேவல் கூவினால்தான் விளையாட்டு முடிந்தது என்று வருவாள். நிஜச் சேவலுக்கு வர மாட்டாள், என் கூவல் அவளுக்குத் தெரியும்.

பெரியப்பா என் எதிரே வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் நான் கையை உயர்த்தியிருக்க மாட்டேன். அவர் என் தோளைப் பிடித்து ஓடைப் பக்கம் திருப்பினார். முதல் தடவையாக அவர் தாழ்ந்த குரலில் பேசிக் கேட்டேன்.

“இன்னாத்துக்கு நின்னுகினு இருக்க? கூவு.”

யாரும் சத்தம் போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். மழையும் ஓடையும் மட்டும் கேட்டது. கூவினேன். முதல் கூவல் பெட்டைக்கோழி மாதிரி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த கோமாளித்தனத்துக்கு யாருமே சிரிக்காதது அன்றுதான். இரண்டாவது தடவை கூவினேன். மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கூவினேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம், இரண்டு பாறைகளுக்கு நடுவில் இருந்த இடுக்கிலிருந்து ஒரு தலை வெளியே வந்தது. அஞ்சலி எழுந்து நின்று பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். அவள் அந்தப் பக்கம் போனபோது ஓடையில் கணுக்கால் அளவுகூடத் தண்ணீர் இல்லை. இப்போது அவள் காலடிக்கு ஒரு முழத்துக்குக் கீழே சுழித்துக்கொண்டிருந்தது.

பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் கயிறு கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்கள். அவர்கள் போய்த் திரும்பிய நேரம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஒருவர் நடுவில் சறுக்கினார். கயிறு வெடுக்கென்று இழுபட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அஞ்சலி பெரியப்பாவின் தோளில் இருந்தாள். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உதடு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மல்லிகாவின் கையில் பிள்ளையைக் கொடுத்தபோது அது என்னைப் பார்த்து, “முடிஞ்சிச்சா?” என்று கேட்டது.

அரை மணி கழித்துப் பார்த்தபோது அந்தப் பாறை இடுக்கு தண்ணீருக்கு அடியில் இருந்தது.

நான் இரண்டு காரியம் கேட்டேன். ஆண்டவர் ஒன்றைக் கொடுத்தார், ஒன்றை மறுத்தார். மறுத்ததன் வழியாகத்தான் கொடுத்ததே வந்தது. நான் மறைத்துக்கொண்டே இருந்திருந்தால் ஊர் முழுக்கக் கத்திக்கொண்டே இருந்திருக்கும். பிள்ளை விதியைக் காப்பாற்றிக்கொண்டு அங்கேயே இருந்திருக்கும்.

ஊருக்குத் திரும்பியதும் போர்டைக் கழற்றி வைத்தேன். இந்தத் தொழிலே வேண்டாம் என்று தீர்மானித்தேன். மழை பெய்தால் என் மகன் எங்கே என்று ஓடி ஓடிப் பார்த்தேன். மூன்று வாரம் மலைப் பக்கம் போகவில்லை. பிறகு டீச்சர் போனில் சொன்னார்: மல்லிகா கேட்கிறாள், புதன்கிழமை என்ன ஆச்சு என்று, அஞ்சலியும் கேட்கிறாள் என்று. அன்று இராத்திரி பயத்தோடேயே ஜெபித்தேன். பயம் போகவில்லை. ஆனால் போர்டை மாட்டினேன்.

இப்போது விதியை மாற்றிவிட்டேன். பொந்து அம்மாவின் கண்ணில் படுகிற இடத்தில்தான் இருக்க வேண்டும். அம்மா கூப்பிட்டால் ‘இருக்கேன்’ என்றாவது சொல்ல வேண்டும். முக்கியமாக, தாய்மார்களிடம் ‘இது உங்களுக்குச் சரிப்படுமா’ என்று முதலில் கேட்கிறேன். மல்லிகாதான் பக்கத்து ஊர்களுக்கு என்னோடு வந்து அதைச் சொல்லிக்கொடுக்கிறாள். பேச்சு குறைவு என்றேனே, என்னைவிட நன்றாகச் சொல்கிறாள். பெரியப்பா இப்போது பிள்ளை பக்கத்தில் இருந்தால் இருமுவதற்குக்கூட வெளியே போகிறார். நான் என் வகுப்பை இந்தக் கதையோடுதான் ஆரம்பிக்கிறேன். பாதிப்பேர் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை.

உங்களில் யாராவது பிள்ளைக்காகவோ வேறு எதற்காகவோ பயந்து நடுங்கிக்கொண்டிருந்தால், அழகான ஜெபம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். என்னுடையதைவிடக் கேவலமான ஜெபம் உங்களிடம் இருக்காது. அதையே கேட்டவர் அவர். உங்களுடையதையும் கேட்பார். நீங்கள் ஒளித்து வைத்திருப்பதை மட்டும் முதலில் எடுத்து வைத்துவிடுங்கள்.

போன மாதம் வெள்ளிமலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, ரொம்ப நாளாக மனதில் இருந்ததை மல்லிகாவிடம் கேட்டேன். அன்றைக்கு எல்லோரும் ஏசினார்களே, சார்தான் சொன்னார் என்று நீங்கள் ஏன் இன்னொரு தடவை சொல்லவில்லை என்று. அவள் பஸ் வருகிறதா என்று வளைவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நீங்களா வெளிய வரட்டும்னு இருந்தேன் சார்.”