ஒரு நீல ஃபிலிம் குறைந்த நாள்

இருபத்து நான்கு இருக்க வேண்டும். பலகையில் இருந்தது இருபத்து மூன்று.

நான் முப்பது வருடம் விமான பாகங்களோடு குப்பை கொட்டியவன். அதில் கடைசிப் பத்து வருடம் எண்ணூர் பக்கம், கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் இருந்த ஒரு கம்பெனியில். ஆளில்லா விமானங்களுக்குக் கார்பன் ஃபைபர் இறக்கை செய்தோம். பிசின் ஊறிய கார்பன் துணியை அச்சின் மேல் அடுக்கடுக்காக ஒட்டி, ஆட்டோகிளேவில் வேக வைப்போம். ஆட்டோகிளேவ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, லாரி நுழையும் அளவுக்கு ஒரு பிரஷர் குக்கர்.

ஒவ்வொரு துணியின் முதுகிலும் ஒரு நீல பாலிதீன் ஃபிலிம் இருக்கும். துணியை ஒட்டியதும் அதை உரித்துவிட வேண்டும். ஒன்று உள்ளே தங்கினாலும் அந்த இடத்தில் அடுக்குகள் பிடிக்காது; இறக்கை வானத்தில் பிளந்துகொள்ளும். அதனால் உரித்த ஃபிலிம்களைச் சுவர்ப் பலகையில் வரிசையாக ஒட்டி, எண்ணிப் பார்த்த பிறகுதான் வேக வைப்போம்.

அன்று அடுக்கியவள் அமுதா. வியாசர்பாடிப் பெண், வேலையில் படு சுத்தம். அவளை நிரந்தரமாக்கும் பேப்பர் என் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

“நா எல்லாத்தையும் உரிச்சேன் சார். சத்தியமா.”

“அப்ப ஒண்ணு மட்டும் றெக்க மொளச்சு பறந்துபோச்சா?”

தரையைத் தேடினோம், குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தோம். இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. “இந்த லட்சணத்துல பர்மனென்ட் வேறயா? கையெழுத்து போட மாட்டேன், போ” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

அவள் கண் கலங்கியது. ஆனாலும் ஒட்டிய அடுக்குகளைப் பிரிப்பதற்கு முதலில் கை வைத்தது அவள்தான்.

“கணக்கு வரல சார். பிரிச்சிடலாம்.”

பிரித்த துணி மறுபடி உதவாது. நாலு மணி நேர வேலை குப்பைக்குப் போனது. இருபத்து நான்கையும் பிரித்தோம். ஃபிலிம் இல்லை.

வெளியே நடந்தேன்.

“சார், இருங்க. கொஞ்சம் கால தூக்குங்க” என்றாள் அமுதா.

ஷூவுக்கு மேல் மாட்டியிருந்த உறையின் அடியில், நீலமாக, சப்பென்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அடுக்கியபோது முழு நேரமும் பின்னால் நின்று பந்தாவாக மேற்பார்வை பார்த்தது நான்தான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மேனேஜர் ரிப்போர்ட் கேட்டார். “அந்தப் பொண்ணு கவனக்குறைவுன்னு எழுதிடுங்க சார். இன்னும் பர்மனென்ட்கூட ஆகல, பிரச்சினை வராது. உங்க பேரு எதுக்குக் கெடணும்?”

ஒரு நிமிடம் யோசித்தேன். அந்த ஒரு நிமிடத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். பிறகு என் பெயரை எழுதினேன். அமுதாவின் பேப்பரில் கையெழுத்துப் போட்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்பும் கேட்டேன்.

அவள் பேப்பரை நிதானமாகப் படித்து முடித்தாள்.

“கத்தசொல்லோ எல்லாரும் இருந்தாங்கோ சார். சாரி சொல்லசொல்லோ நம்ம ரெண்டு பேர்தான் கீறோம்.”

மறுநாள் ஷிஃப்ட் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் மறுபடி மன்னிப்புக் கேட்டேன். என் கத்தலைக் கேட்டவர்களில் ஒருவர் அன்று லீவு. அவர் வந்ததும் அவரிடமும் போய்ச் சொன்னேன்.

இந்தத் துறைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். எத்தனை பேர் முன்னால் திட்டினீர்களோ, அத்தனை பேர் முன்னாலும் மன்னிப்புக் கேளுங்கள்.