போர்வெல் கொடுத்துப் பெண் கேட்டவர்கள்

வேலைக்குச் சேர்ந்த நாள்

ஒடுகத்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த நான், ஜவ்வாது மலையில் கிரேஸ் அம்மா நடத்தும் பிள்ளைகள் இல்லத்துக்கு வேன் டிரைவராகப் போனேன். அம்மா வேலூரில் நர்ஸாக இருந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏதோ மருத்துவ முகாமுக்காக மலைக்கு வந்தவர், முகாம் முடிந்து மற்றவர்கள் எல்லாம் இறங்கிப் போன பிறகும் இறங்கவில்லை. அப்பா அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளைகள், பெற்றவர்கள் காபி எஸ்டேட்டுக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டதால் தனியாக நின்ற பிள்ளைகள் என்று எல்லாரும் அவரிடம்தான் இருந்தார்கள்.

லைசென்ஸை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்க்கவில்லை.

"வளைவுல பிள்ளைங்க வாந்தி எடுக்கும். கழுவுவியா?"

"கழுவறேம்மா."

"மூஞ்ச சுளிக்காம?"

கொஞ்சம் யோசித்தேன். "மொத ரெண்டு நாள் சுளிப்பேம்மா."

"சரி, சேந்துக்கோ. மூணாவது நாள்ல இருந்து பாப்போம்."

நெற்றியில் இருந்த விபூதியைக் கையால் துடைக்கப் போனேன். "அத ஏன் தொடைக்கிற? ஆண்டவருக்கு ஒன்னத் தெரியாதா? பிரேக்க மட்டும் ஒழுங்கா புடி" என்றார்.

அம்மாவின் ஜெபம் தனி ரகம். மேலதிகாரிக்கு ஞாபகப்படுத்துகிற தோரணையில் இருக்கும். "ஆண்டவரே, பின் டயர் விஷயமா போன வாரமே சொன்னேன். இன்னும் ஒண்ணும் நடக்கல. நீர் பிசியா இருப்பீர், தெரியும். ஆனா டயருக்குத் தெரியாது" என்பார். பிள்ளைகள் ஆமென் சொல்வார்கள். நானும் வெளியே நின்று சொல்வேன். டயர் என் பொறுப்பு.

விருந்தாளி சீசன்

டிசம்பர் பிறந்தால் மலைக்கு இரக்கம் ஏறிவரும். கீழே இருந்து வருகிறவர்கள் போளூரில் காரை நிறுத்திவிட்டு எங்கள் வேனில் ஏறுவார்கள். வளைவுகளில் கார் உராய்ந்துவிடும் என்பது ஒரு காரணம். பிள்ளைகளின் வண்டியில் உட்கார்ந்து வீடியோ எடுத்தால் நன்றாக வரும் என்பது இன்னொன்று.

கொண்டுவரும் பொருளைவிட பேனர் பெரிதாக இருக்கும். கேக் வெட்டுவார்கள். கேமராக்காரர் "லைட் சரியில்ல" என்றால், ஊட்டுவதை நிறுத்திவிட்டு வேறு துண்டு எடுத்து மறுபடியும் ஊட்டுவார்கள். பிள்ளைகளுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. மூன்றாவது படிக்கும் ஒருத்தன் கேமராக்காரரிடம் நேராகவே கேட்பான்: "அண்ணா, இப்ப சிரிக்கணுமா, சும்மா பாக்கணுமா?"

ஒரு தடவை வந்த பெரிய மனிதர் பிள்ளைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு முகம் வாடிப்போனார். "எல்லாரும் நல்லா புஷ்டியா இருக்காங்களே மேடம்" என்றார். ஏமாந்துபோன குரல்.

"மன்னிச்சிக்கங்க சார்," என்றார் அம்மா. "தெரியாம சோறு போட்டுட்டேன்."

அவர் மறு வருஷம் வரவில்லை. டிரஸ்டில் இருக்கும் ஐயா வேலூரிலிருந்து போன் போட்டு அம்மாவைக் கடிந்துகொண்டார். அம்மா போனைக் காதிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

ஊற்று வற்றிய வருஷம்

ஒரு கோடையில் நாங்கள் தண்ணீர் எடுக்கும் ஊற்று சேறாகிவிட்டது. பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே அரைக் காடு நடந்து குடம் சுமந்தார்கள். குளிக்காததால் சின்னதுகளுக்குச் சிரங்கு வந்தது. இரவில் சொறிந்துகொண்டே தூங்குவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சென்னையில் கம்பெனி வைத்திருக்கும் ஒரு சாரும் அவர் மனைவியும் வந்தார்கள். போர்வெல், மோட்டார், டேங்க், பாத்ரூம் வரைக்கும் பைப், எல்லாம் செய்து தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் எல்லாரும் அவர்களைக் கும்பிடாத குறை.

மேடம் கண்ணில் காவேரி பட்டாள். ஒன்பது வயதுப் பெண். அப்பா இறந்துவிட்டார். அம்மா லட்சுமி வருஷத்தில் பாதி எஸ்டேட்டில் இருப்பாள், மீதி மலையில் சாமை அறுப்பாள். காவேரி சின்னப் பிள்ளைகளுக்குச் சிரங்கு மருந்து தடவிவிட்டு, துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ நீட்டா வேலை செய்யுது பாருங்க!" என்றார் மேடம் கணவரிடம். அப்புறம் கிரேஸ் அம்மாவிடம் திரும்பி, "இந்தப் பொண்ண எங்க கூட அனுப்பிடுங்க. எங்க பொண்ணு மாதிரி வச்சிப்போம்" என்றார்.

"பிள்ளைய அப்படியெல்லாம் குடுக்க முடியாதும்மா. பிள்ளைங்க நலக் கமிட்டி, ஆபீஸ்னு சட்டம் இருக்கு."

"அதெல்லாம் நான் பேசிக்கறேன்," என்றார் சார். "போர் வண்டிக்கும் சொல்லியாச்சு. ரெண்டும் ஒண்ணா முடிச்சிடலாம்."

ரெண்டும் ஒன்று என்று அவர் சொன்னது யாருக்கும் புரியாமல் இல்லை. வேலூர் ஐயாவும் போனில் வந்தார். "ஒரு பிள்ளைக்கு நல்ல வாழ்க்கை, மத்த பிள்ளைகளுக்குத் தண்ணி. இதுல யோசிக்க என்ன இருக்கு சிஸ்டர்?" என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது.

அம்மா போனை வைத்துவிட்டு சார் பக்கம் திரும்பினார். "அவளைப் பெத்தவ இருக்கா, தாய்மாமன் இருக்கான். அவங்க ஒத்துக்காம கமிட்டி முன்னாடி நான் போய் நிக்க மாட்டேன். நீங்களே ஊருக்குப் போய் கேளுங்க" என்றார்.

"நீங்களும் வாங்கம்மா," என்றேன் நான்.

"நான் வந்தா லட்சுமி என் மூஞ்சியப் பாத்து பதில் சொல்லுவா. அது அவ பதிலா இருக்காது. நீ போ. நீயா எதுவும் பேசாத. கேட்டா சொல்லு. பொய் சொல்லாத."

பேசாதே என்று எனக்குச் சொல்லவே வேண்டாம். நாலு பேர் நின்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

பழத்தட்டு

மேடம் சும்மா போகக் கூடாது என்று ஜமுனாமரத்தூரில் வண்டியை நிறுத்தி ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கினார். அதில் வாழைப்பழம், ஆப்பிள், பூ, மேலே ஒரு பட்டு மாதிரிப் புடவை. பெற்றவளைப் பார்க்கக் கூட வந்த காவேரி முன்சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சிக்னல் போவதற்குள் மேடம் தங்கைக்குப் போன் போட்டார்.

"நம்ம வீட்டு வேலைக்காரி நின்னுட்டாளே, அதுக்கு ஒரு வழி பண்ணிட்டேன். ஏஜென்ட் அனுப்பறதெல்லாம் ரெண்டு மாசத்துல ஓடிடுது. இது போக்கிடம் இல்லாத பொண்ணு. ஓடாது."

காவேரி திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ரோட்டைப் பார்த்தேன்.

ஊரில் இறங்கியதும் மேடம் தட்டைக் கையில் ஏந்தி முன்னால் நடந்தார். களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் முறத்தைக் கீழே வைத்தார்கள். பழமும் பூவும் புடவையுமாகத் தட்டெடுத்து வந்தால் அந்த மலையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பெண் கேட்டு வந்திருக்கிறார்கள்.

"யார் வூட்டுப் பொண்ணுக்குங்க?" என்றாள் ஒருத்தி.

"லட்சுமியோட பொண்ணு, காவேரிக்கு," என்றார் மேடம் சந்தோஷமாக.

"ஐயய்ய, அது வயசுக்கே வர்லியே! மாப்ள எங்க, இவரா?" என்று சாரைக் காட்டினாள். சிரிப்பு களம் முழுக்கப் பரவியது. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கூட்டத்தில் ஒரு வாலிபன் கேட்டான். "பரியம் இன்னா குடுப்பீங்க?" பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் கொடுப்பதுதான் பரியம். மேடத்துக்கு அது தெரியாது. ஏதோ உதவி கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

"போர்வெல் போட்டுத் தர்றோம்ப்பா!"

"யம்மாடி! நம்ம மலையில எவளுக்கும் இந்தப் பரியம் வந்ததில்ல. என் பொண்டாட்டிக்கு ரெண்டு ஆடுதான் குடுத்தேன்."

"அவளுக்கு அதுவே ஜாஸ்தி," என்றது இன்னொரு குரல்.

தாய்மாமன் கோவிந்தன் வந்ததும் சிரிப்பு அடங்கியது. சார் விஷயத்தை விளக்கினார். ஸ்கூல், நல்ல சாப்பாடு, சொந்தப் பெண் மாதிரி. கோவிந்தன் பொறுமையாகக் கேட்டார்.

"உங்களுக்குப் பிள்ளைங்க எத்தினிங்க?"

"ஒரே பையன். சிக்ஸ்த் படிக்கிறான்."

"அப்பிடின்னா அவன இங்க வுட்டுடுங்க. எங்க வூட்டுப் பையன் மாதிரி வச்சிக்கிறோம். எங்க பொண்ணு அங்க இருக்கட்டும். லீவுக்கு லீவு மாத்திக்கலாம்."

அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்கு அது நியாயமாகப் பட்டது.

"அவனுக்கு டஸ்ட் அலர்ஜிங்க," என்றார் மேடம்.

"இங்க இன்னா தூசிங்க இருக்குது? தூசி உங்க ஊர்லதான."

களத்திலிருந்து எழுந்து வந்த லட்சுமி மட்டும் சிரிக்கவில்லை. தட்டில் இருந்த புடவையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே கேட்டாள். "இங்கிலீஷ் ஸ்கூலுங்களா?"

"ஆமாம்மா."

"படுக்க எடம் தனியா இருக்குமா?"

"ஓ, கிச்சன ஒட்டியே ரூம் இருக்கு. ஃபேன் கூட இருக்கு."

லட்சுமியின் முகம் இளகியது. எஸ்டேட் லைன் வீட்டில் பத்துப் பேரோடு படுப்பவளுக்கு ஃபேன் வைத்த ரூம் சின்ன விஷயம் இல்லை. காவேரி வேனை விட்டு இறங்கவே இல்லை. கதவைப் பிடித்துக்கொண்டு லட்சுமியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லட்சுமி என் பக்கம் திரும்பினாள். "அண்ணா, நீ இவங்க கூடத்தான வந்த. சொல்லு. அனுப்பலாமா?"

களமே என்னைப் பார்த்தது. சார் லேசாகத் தலையசைத்தார், நல்லதாகச் சொல்லு என்று. எனக்கு ஊற்றுச் சேறும் பிள்ளைகளின் சிரங்கும் ஞாபகம் வந்தன.

"வேலைக்காரம்மா நின்னுட்டாங்களாம்," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இருமிவிட்டுத் திரும்பச் சொன்னேன். "இது போக்கிடம் இல்லாத பொண்ணு, ஓடாதுன்னு போன்ல பேசினாங்க."

லட்சுமி புடவையைத் தட்டிலேயே மடித்து வைத்தாள். தட்டை மேடத்திடம் தள்ளினாள். "எம் பொண்ணுக்குப் போக்கிடம் இருக்குதுங்க," என்றாள்.

"ட்ரைவர், உனக்கு யார் சம்பளம் குடுக்கறாங்கன்னு ஞாபகம் இருக்கா?" என்றார் சார்.

"கிரேஸ் அம்மா, சார்."

பிறகு

திரும்பும்போதும் காவேரி முன்சீட்டில்தான் உட்கார்ந்தாள். இல்லத்தில் இறங்கியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போர்வெல் போச்சும்மா. என்னாலதான்" என்றேன்.

அம்மா முகம் வாடித்தான் போனது. அதை மறைக்கவும் இல்லை. "நாளைக்கு வண்டிய எடு. கீழ போய் டிரம்ல தண்ணி கொண்டாருவோம். மழ வர்ற வரைக்கும் அதான் உனக்கு வேலை," என்றார். அப்புறம், "காவேரி சாப்ட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார்.

போர்வெல் வரவில்லை. ஆனால் அதற்கான கிரானைட் கல்வெட்டு, சார் பேரும் மேடம் பேரும் போட்டு, முன்கூட்டியே மலையேறி வந்திருந்தது. வழவழப்பான கல். மழை வந்து ஊற்று ஊறியதும் எழுத்தைக் கீழே வைத்துத் துணி துவைக்கப் போட்டோம்.

இந்த மாதிரி இடங்களுக்கு வண்டி ஓட்ட வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். பின்சீட் பேச்சைக் காதில் வாங்காதே என்றுதான் நம் தொழிலில் பழக்குவார்கள். நல்ல பழக்கம்தான், பாதிப் பேச்சு கேட்கிற மாதிரி இருக்காது. ஆனால் பின்சீட்டில் பேசுவது முன்சீட்டில் இருக்கும் பிள்ளையைப் பற்றி என்றால், வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். யாராவது கேட்பார்கள். தொண்டை அடைத்தால் இருமிக்கொள்ளலாம். சொல்லாமல் மட்டும் வந்துவிடாதீர்கள். அந்தப் பிள்ளையும் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது.